கழுவத் தெரிந்தால் போதும்: காரின் மேற்பூச்சு பற்றிக் கேள்வி பதில்

இருபது வருடம் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் அறைக்குள் நின்றவன் நான். இப்போது தெஹிவளையில் வீட்டு முற்றத்தில் என் காரையும் சொந்தக்காரர் கார்களையும் மட்டும் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். இன்று மாலை உங்கள் கேள்விகளுக்கு ஒதுக்கியது. வெளிப்பக்கம் மட்டும் கேளுங்கள். ஹைபிரிட் பற்றரி, கியர் எல்லாம் எனக்குத் தெரியாத உலகம்.

வெள்ளவத்தை, வெள்ளை வேகன் ஆர்: மரைன் டிரைவுக்குப் பக்கத்து ஒழுங்கையில்தான் கார் நிற்கும். பொனட்டிலும் கூரையிலும் ஊசிமுனை அளவில் செம்மஞ்சள் புள்ளிகள். எவ்வளவு கழுவியும் போகவில்லை. துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டதா அண்ணா?

உங்கள் தகரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை தம்பி. ரயிலின் துருதான் உங்கள் காரில் ஏறியிருக்கிறது. கரையோர ரயில் பாதை உங்கள் ஒழுங்கை முனையிலேயே ஓடுகிறது. ரயில் பிரேக் பிடிக்கும்போது உதிரும் இரும்புத் துகள் காற்றோடு வந்து பெயின்டில் குத்திக்கொள்ளும். அப்புறம் கடலுப்பு ஈரம் பட்டு அது துருவாகும். கறுப்புக் காரிலும் இது இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். காரைக் கழுவி ஈரமாக இருக்கும்போதே கையில் ஒரு மெல்லிய பொலிதீன் பையை மாட்டிக்கொண்டு விரல் நுனியால் தடவிப் பாருங்கள். மணல்தாள் மாதிரி நெருடும்.

அயர்ன் ரிமூவர் என்று ஒரு திரவம் விற்கிறார்கள். நிழலில், பொனட் ஆறியிருக்கும்போது அடியுங்கள். இரண்டு நிமிடத்தில் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஊதா நிறம் கசிந்து வழியும். முதல் தடவை பார்ப்பவர்கள் பயந்துவிடுவார்கள். அழுகிய முட்டை மாதிரி ஒரு வாடை வரும். சலூனில் முடி சுருட்டப் பயன்படும் தியோகிளைக்கொலேட் குடும்பம்தான் இதிலும் இருக்கிறது. கையுறை போடுங்கள். காயவிடாமல் நிறையத் தண்ணீரால் அலசுங்கள். மிச்சம் நெருடினால் க்ளே பார் என்ற களிமண் கட்டியால் தேயுங்கள், அதுவும் ஷாம்பூத் தண்ணீர் வழுக்கலோடு, அழுத்தாமல். அந்தக் கட்டி தரையில் விழுந்தால் எடுத்துத் தட்டிவிட்டுத் தொடராதீர்கள், குப்பையில் போடுங்கள். முடிந்ததும் கட்டாயம் மெழுகு போட வேண்டும். பழைய மெழுகெல்லாம் இந்த வேலையிலேயே போயிருக்கும். வருடத்தில் இரண்டு தடவை செய்தால் உங்கள் ஒழுங்கைக்குக் காணும்.

கொட்டாஞ்சேனை: எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும்?

கடலோரம் என்றால் வாரம் ஒருமுறை. உப்பைக் காயவிடாதீர்கள். அடிப்பக்கத்துக்கும் மட்கார்டுக்குள்ளும் தண்ணீர் அடியுங்கள்.

கிருலப்பனை: மாரா மரத்துக்குக் கீழே நிறுத்துகிறேன். காகம் விடுவதில்லை. காய்ந்த எச்சத்தைத் துடைத்தால் அடியில் தழும்பு இருக்கிறது.

கொழும்புக் காகத்துக்கு வரி கட்டாத கார் இல்லை. எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் மேற்பூச்சு இளகி, மாலையில் குளிரும்போது எச்சத்தின் அச்சிலேயே இறுகிவிடும். நீங்கள் பார்க்கும் தழும்பு அதுதான். காரில் ஒரு போத்தல் தண்ணீரும் ஒரு மைக்ரோஃபைபர் துணியும் வைத்திருங்கள். நனைத்த துணியை எச்சத்தின் மேல் ஐந்து நிமிடம் போட்டுவிட்டு அப்படியே தூக்கி எடுங்கள். தேய்க்க வேண்டாம்.

காய்ந்த துணியால் காரைத் தொடவே கூடாது. இதை இன்று பல தடவை சொல்லப்போகிறேன், கோபிக்காதீர்கள்.

பம்பலப்பிட்டி: புதுக் காருக்குக் கோயிலில் பூசை செய்தோம். பொனட்டில் வைத்த சந்தனமும் மஞ்சளும் காய்ந்து கறையாகிவிட்டது. சுரண்டலாமா?

நகம் வைக்காதீர்கள் தங்கச்சி. ஈரத் துணியைப் போட்டு ஊறவிட்டு எடுங்கள். அதன் பிறகும் தெரியும் மஞ்சள் நிறத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். மஞ்சளின் சாயம் வெயிலில் வெளுக்கும், சில நாட்களில் போய்விடும். காருக்கு வெயில் நல்லது என்று நான் சொல்லும் ஒரே இடம் இதுதான். அடுத்த முறை பொட்டைக் கண்ணாடியில் வைக்கச் சொல்லுங்கள், ஐயர் மறுக்கமாட்டார்.

மட்டக்குளி: செரமிக் கோட்டிங் போட்டால் கீறல் விழாதாமே? 9எச் என்கிறார்கள்.

9எச் என்பது பென்சில் கணக்கு. அந்தக் கடினமுள்ள பென்சிலால் கீறினால் தடம் விழாது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. முச்சக்கரவண்டியின் ஹாண்டில் பென்சில் இல்லை. பெயின்ட் மேல் அது விடும் படலம் ஓரிரு மைக்ரோன்தான், மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு. தண்ணீர் உருண்டோடும், கழுவ லேசாக இருக்கும். அதற்காகப் போடுங்கள்.

பத்தரமுல்லை: செரமிக் போட்டால் கழுவத் தேவையில்லையா?

தேவை.

வத்தளை, மொரிஸ் மைனர் வைத்திருக்கும் ஐயா: தம்பி, ஒரு வாளித் தண்ணிக்கு ஒரு மூடி மண்ணெண்ணெய். எங்கட அப்பா காலத்தில இருந்து இதுதான். கார் இன்னும் மினுங்குது. ஷாம்பூ, செரமிக் எல்லாம் காசு பறிக்கிற வேலை.

ஐயா, உங்கள் காருக்கு என் வணக்கம். ஆனால் மண்ணெண்ணெய் செய்வது ஒரு எண்ணெய்ப் படலம் போடுவது மட்டும்தான். போட்டிருக்கும் மெழுகை அது கரைக்கும், தூசியைப் பிடித்து வைக்கும், கதவு ரப்பரை ஊதச் செய்யும்.

ராஜகிரிய: ஐயா சொல்வது சரி. எங்கள் பழைய டிரைவரும் அப்படித்தான் செய்வார். கார் பளபளக்கும்.

கொள்ளுப்பிட்டி: 2022இல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற ஊர் இது. அதைக் காருக்கு ஊற்றுவதா?

வத்தளை ஐயா: அப்ப என்ர கார் ஏன் இவ்வளவு காலம் நல்லா இருக்கு? அதுக்குப் பதில் சொல்லுங்கோ.

நியாயமான கேள்வி, சொல்கிறேன். வெள்ளைத் துணியில் ஒரு துளி பொலிஷ் எடுத்துக் கதவின் உள் ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஏறினால் உங்களுடையது பழைய முறைப் பெயின்ட், மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம். அது வெளுத்து வரளும்போது எண்ணெய் அந்த வரட்சியை மறைக்கும். அதுதான் நீங்கள் காணும் மினுக்கம். இன்றைய கார்களில் நிறத்துக்கு மேல் க்ளியர் கோட் என்று நிறமில்லாத ஒரு படலம் இருக்கிறது. 40, 50 மைக்ரோன் தடிப்பு, தலைமுடியை விட மெல்லியது. கார் சாகும்வரை அவ்வளவுதான். கீறலை அரைத்து மினுக்கும் கட் அன்ட் பொலிஷ் ஒவ்வொன்றும் அதிலிருந்துதான் சீவி எடுக்கிறது. 2020 மார்ச்சில் இலங்கையில் கார் இறக்குமதியை நிறுத்தியபோது கையிலிருந்த காரை எப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருந்தோம்? 2025இல் திரும்பத் திறந்தார்கள் என்பதற்காகச் சித்திரை வருடப் பிறப்புக்கு ஒரு கட், தீபாவளிக்கு ஒரு கட் என்று போகாதீர்கள். நான் வேலை செய்த இடத்தில் இப்படி வந்த ஒரு கறுப்பு அக்சியோவின் பொனட் விளிம்பில் அடியில் இருந்த சாம்பல் நிறப் பிறைமர் தெரிந்தது. அதற்குப் பிறகு புதுப் பெயின்ட்தான் வழி.

நுகேகொட: மழை நாளில் கழுவத் தேவையில்லைதானே, காய்ந்த துணியால் துடைத்தால் போதுமா?

காய்ந்த துணி பற்றி மேலே கிருலப்பனைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தெமட்டகொட: மஞ்சளாகிப்போன ஹெட்லைட்டுக்குப் பற்பசை சரியா?

சில வாரம் தாங்கும். அது பொலிகாபனேட் பிளாஸ்ரிக், புறஊதாக் கதிரில் மேல்படலம் கெட்டுப்போயிருக்கிறது. 1000, 2000, 3000 என்று படிப்படியாக நைசான தண்ணீர்த் தாள், அதாவது நனைத்துத் தேய்க்கும் மணல்தாள் பிடித்து, பொலிஷ் செய்து, புறஊதாவைத் தடுக்கும் கோட் ஒன்றை அடித்தால்தான் நிற்கும்.

கொம்பனித்தெரு: மாடிக் குடியிருப்பு. கீழே தண்ணீர் ஊற்ற விடமாட்டார்கள்.

ரின்ஸ்லெஸ் வாஷ் என்ற, பிறகு அலசத் தேவையில்லாத திரவம் வாங்குங்கள். ஒரு வாளித் தண்ணீரும் ஏழெட்டு மைக்ரோஃபைபர் துணியும் போதும். முதலில் அதே தண்ணீரைத் தெளித்துத் தூசியை இளக்குங்கள். பிறகு நனைத்த துணியால் மேலிருந்து கீழே ஒரே திசையில் துடையுங்கள். ஒரு பக்கம் அழுக்கானால் மடித்து மறுபக்கம். அழுக்குத் துணி வாளிக்குத் திரும்பக் கூடாது. சேறு படிந்திருந்தால் இந்த முறை வேண்டாம், பக்கத்து வாஷ் நிலையத்துக்குப் போங்கள்.

மருதானை: செரமிக் போடலாமா?

மட்டக்குளிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வத்தளை ஐயா: தம்பி, துணி பச்சையாப் போச்சு. நீங்கள் சொன்னது சரிதான். ஞாயிறு காரைக் கொண்டுவரட்டோ? ஒருக்கால் மெழுகு போட்டுக் காட்டுங்கோ.

வாங்கோ ஐயா. காலை ஏழு மணிக்கு முன்னம், வெயில் ஏறமுதல். மண்ணெண்ணெய்ப் போத்தல் வீட்டிலேயே இருக்கட்டும்.