கல்பாக்கம் போக ஆசைப்படும் மகளின் அம்மாவுக்கு

அம்மா, வணக்கம்.

நேற்று போனில் நீங்கள் கேட்டது ராத்திரி முழுக்க மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. பாப்பா 188 கட்-ஆஃப் எடுத்திருக்கிறாள், சொந்தக்காரர்கள் எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் போடச் சொல்கிறார்கள், அவளோ அணு ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள் என்றீர்கள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நாளைக்குக் கல்யாணம், குழந்தை என்று வரும்போது இவள் உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன்?" என்று கேட்டீர்கள். போனில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தக் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தீராமல் மற்றது எதுவும் உங்கள் காதில் ஏறாது.

உங்கள் பயத்தை நான் தள்ளிவிடப் போவதில்லை. 2011-இல் ஃபுகுஷிமா விபத்து நடந்தது. அதே ஆண்டில் கூடங்குளம் அணு உலையை எதிர்த்து இடிந்தகரையில் போராட்டப் பந்தல் எழுந்தது. நம் பக்கத்து மீனவக் குடும்பங்கள் கடலைப் பற்றியும் பிழைப்பைப் பற்றியும் கேட்ட கேள்விகள் நியாயமானவை, இன்றைக்கும் பேச வேண்டியவை. ஆனால் ஊருக்குப் பக்கத்தில் உலை வரலாமா என்பது வேறு கேள்வி. அங்கே வேலை பார்க்கிற ஒருத்திக்கு அன்றாடம் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு அளவுகளோடு பதில் சொல்ல முடியும்.

கதிர்வீச்சு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. மண், காற்று, வானம், சாப்பாடு எல்லாவற்றிலிருந்தும் ஒரு மனிதருக்கு உலகச் சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 2.4 மில்லிசீவெர்ட் கிடைக்கிறது (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு அது). உங்கள் பிறந்த வீடு மணவாளக்குறிச்சி என்றீர்கள். அந்தக் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது, மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. அதனால் அங்கும், கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கரையிலும் உலகச் சராசரியைவிடப் பல மடங்கு கதிர்வீச்சு உள்ள இடங்கள் உண்டு. கருநாகப்பள்ளியில் பல்லாயிரம் பேரை ஆண்டுக்கணக்கில் கவனித்துப் பார்த்த ஆய்வில், இந்த இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. எவ்வளவு என்ற கேள்வியைக் கேட்காமல் பயப்படவும் கூடாது, துணியவும் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியாளருக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு, ஐந்து ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. நெஞ்சுக்கு ஒரு சிடி ஸ்கேன் எடுத்தாலே ஏறக்குறைய 7 ஆகிறது. பணியாளர் ஒவ்வொருவரும் மார்பில் ஒரு சின்ன பட்டை அணிவார்கள், அதை டிஎல்டி பேட்ஜ் என்பார்கள். வாங்கிய அளவை அது பதிந்துவைக்கும். குறித்த காலத்துக்கு ஒருமுறை அதைப் படித்துக் கணக்கில் ஏற்றுவார்கள். உங்கள் கேள்விக்கு நேரடியாக வருகிறேன்: ஒரு பெண் தான் கர்ப்பமாக இருப்பதைத் தெரிவித்த நாளிலிருந்து, மீதி மாதங்கள் முழுவதற்கும் சேர்த்து வயிற்றுக் குழந்தைக்கு 1 மில்லிசீவெர்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. பொதுமக்களுக்கு ஓர் ஆண்டுக்கு வைத்திருக்கும் வரம்பும் அதே 1தான். அதற்கு ஏற்றபடி அவளுடைய வேலையை மாற்றிக் கொடுக்க வேண்டும். இன்னொன்று, இந்த ஆராய்ச்சியில் இருக்கும் எல்லோரும் கதிரியக்கப் பொருளின் பக்கத்தில் நிற்பவர்கள் இல்லை. கணிப்பொறியில் வெப்ப ஓட்டம் கணக்கிடுகிறவர்களும், எஃகை இழுத்து உடைத்துப் பார்க்கிறவர்களும், சென்சார் செய்கிறவர்களும் நிறையப் பேர்.

சரி, இனி அவள் ஆசைக்கு வருவோம். "அணு ஆராய்ச்சி" என்று சொல்லும்போது அவள் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களா? பெரும்பாலான பிள்ளைகள் அணுவைப் பிளப்பதை நினைத்துக்கொள்கிறார்கள். பிளப்பது எப்படி என்பது எப்போதோ தெரிந்துவிட்டது. அந்தச் சூட்டைப் பத்திரமாக வெளியே எடுத்து வருவதில்தான் இன்றைக்கு மூளையைக் கசக்குகிறார்கள்.

கல்பாக்கத்தையே பாருங்கள். 1971-இல் தொடங்கிய அந்த ஆராய்ச்சி மையத்துக்கு 1985-இல் இந்திரா காந்தி பெயரை வைத்தார்கள். அங்கே ஓடும் வேக ஈனுலையில், அதாவது எரிபொருளை எரித்துக்கொண்டே புதிய எரிபொருளையும் உண்டாக்கும் உலையில், சூட்டை எடுத்துச் செல்வது தண்ணீர் இல்லை, உருகிய சோடியம். ஏன் சோடியம்? அது நியூட்ரானின் வேகத்தை அதிகம் குறைக்காது, சூட்டை நன்றாகக் கடத்தும். 98 டிகிரியில் உருகி 883 டிகிரியில்தான் கொதிக்கும், ஆகவே அதிக அழுத்தம் கொடுக்காமலே திரவமாக வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு நல்ல பொருளுக்கு ஒரு பொல்லாத குணமும் உண்டு. சூடாக இருக்கும்போது காற்றுப் பட்டால் எரியும், தண்ணீர் பட்டால் வெடிப்பதுபோல் வினை புரியும். பள்ளி ஆய்வகத்தில் மண்ணெண்ணெய்க்குள் போட்டு வைத்திருப்பார்களே, அதே சோடியம்தான். நீராவி செய்யும் இடத்தில் குழாயின் ஒரு பக்கம் சோடியம், மறு பக்கம் தண்ணீர். இடையில் இருப்பது சில மில்லிமீட்டர் எஃகுதான். அந்த எஃகில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் உடனே தெரிய வேண்டும். தண்ணீர் கசிந்தால் ஹைட்ரஜன் உண்டாகும், அதைச் சோடியத்துக்குள்ளேயே கண்டுபிடிக்கும் சென்சாரைச் செய்தவர்கள் வேதியியல் படித்தவர்கள். சோடியம் ஒளியை விடாது, உள்ளே கேமரா வைத்துப் பார்க்க வழியில்லை. ஆகவே காதுக்குக் கேட்காத மீயொலியால் "பார்க்க" வேண்டும். அது எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களின் வேலை. நியூட்ரான் அடித்து அடித்து எஃகு வீங்கும், அதைத் தாங்கும் உலோகக் கலவையைத் தேடுவது மெட்டலர்ஜி படித்தவர்களின் வேலை. பழைய எரிபொருளைக் கரைத்துப் புளூட்டோனியத்தைப் பிரித்தெடுப்பது கெமிக்கல் என்ஜினியரிங்.

இதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்: பதினேழு வயதில் அவள் "அணு" என்று பெயர் போட்ட பி.டெக்கைத் தேட வேண்டியதில்லை. மெக்கானிக்கல், கெமிக்கல், ட்ரிபிள் ஈ, எலக்ட்ரானிக்ஸ், மெட்டலர்ஜி, இவற்றில் ஒன்றை ஒழுங்காகப் படிக்கட்டும். அணுவைப் பிறகு வேலைக்கு எடுப்பவர்களே சொல்லிக் கொடுப்பார்கள்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது ஒரு வருத்தமான அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பையன், பெயரில் அணு இருக்கிறது என்பதற்காகவே ஒரு தனியார் கல்லூரியில் அந்தப் பட்டப் படிப்பில் சேர்ந்தான். நானும் அப்போது உறுதியாகத் தடுக்கவில்லை. நான்கு ஆண்டில் கதிரியக்கத்தை அளக்கும் ஒரு கருவியைக் கையில் தொட்டுப் பார்த்தது இரண்டு தடவைதான் என்றான். படித்து வெளியே வந்ததும், வேலை விளம்பரங்களில் "மெக்கானிக்கல் அல்லது அதற்கு இணையான" என்று இருந்த இடங்களில் எல்லாம் தன் பட்டம் இணையானதுதான் என்று நிரூபிக்கவே அவனுக்கு ஓராண்டு போனது. அந்தப் படிப்பில் சேர்ந்தால் வாய்ப்பே கிடையாது என்று சொல்ல மாட்டேன். நல்ல ஆய்வகமும் ஆசிரியரும் இருந்தால் அது வேறு. ஆனால் 188 கட்-ஆஃபுக்கு நல்ல கல்லூரியில் அடிப்படைப் பிரிவு கிடைக்கும்போது அந்தச் சூதாட்டம் எதற்கு?

உள்ளே போகும் வழி இதுதான். அணுசக்தித் துறை 1957-இலிருந்து மும்பை டிராம்பேயில் ஒரு பயிற்சிப் பள்ளி நடத்துகிறது. கல்பாக்கத்திலும் அதன் கிளை உண்டு. பி.இ. அல்லது எம்.எஸ்சி. முடித்தவர்களை எடுத்து ஓராண்டு முழுக்க அணு சம்பந்தமான எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்து, 'சயின்டிஃபிக் ஆபீசர் சி' என்ற பதவியில் அமர்த்துகிறார்கள். அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது, படிகள் தனி. பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை உண்டு, நீங்கள் கட்ட வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் முடித்த பிறகு மூன்று ஆண்டாவது அங்கேயே வேலை செய்வதாக எழுதிக் கொடுக்க வேண்டும். படிப்பில் 60 சதவீதம் இருக்க வேண்டும், பொதுப் பிரிவுக்கு வயது 26-க்குள். பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வின் மதிப்பெண்ணோ அவர்களுடைய ஆன்லைன் தேர்வோ, ஏதாவது ஒன்றில் தேறினால் நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள்.

அந்த நேர்காணல்தான் சல்லடை. ஒரு மணி நேரம் போனாலும் ஆச்சரியமில்லை. பொது அறிவு, நாகரிகப் பேச்சு எதுவும் அங்கே எடுபடாது. "உனக்குப் பிடித்த பாடம் எது?" என்று கேட்டு, சொன்ன பாடத்தில் அடிவரைக்கும் தோண்டுவார்கள். சமன்பாட்டை எழுதினால் மட்டும் போதாது, அது எப்படி வந்தது, எந்த இடத்தில் பொய்த்துப்போகும் என்று கேட்பார்கள். மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய பிள்ளைகள் அங்கே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். சுமாரான மார்க் வாங்கி, ஆனால் புரிந்து படித்த பிள்ளைகள் நின்றதையும் பார்த்திருக்கிறேன். ஆங்கிலம் கொஞ்சம் திக்கினாலும் பரவாயில்லை, விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அதனால் முதல் ஆண்டிலிருந்தே இரண்டு பாடங்களை அவள் தனக்கென்று வைத்துக்கொள்ளட்டும்.

அவளுக்குப் பொறியியலைவிட இயற்பியல்தான் பிடிக்கும் என்றால் பாதை வேறு. புவனேஸ்வரத்தில் நைசர் என்று அணுசக்தித் துறையின் கீழேயே ஒரு நிறுவனம் இருக்கிறது. பிளஸ் டூ முடித்து நெஸ்ட் தேர்வு எழுதி ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி.யில் சேரலாம்.

பொறுமையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கல்பாக்கத்தில் 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையைக் கட்டத் தொடங்கியது 2004-இல். 2010-இல் முடிந்துவிடும் என்றார்கள். உலையின் மையப் பகுதியை நிரப்பத் தொடங்கியதே 2024 மார்ச்சில்தான். அங்கே இளைஞராகச் சேர்ந்தவர்கள் தலை நரைக்கும்வரை ஒரே உலைக்காக உழைத்திருக்கிறார்கள். இதற்கு முந்தைய சின்ன சோதனை உலையின் கதை இன்னும் எனக்குப் பிடிக்கும். அது பிரான்சில் இருந்த ஓர் உலையின் மாதிரியில் திட்டமிட்டது. 1974 போக்ரான் சோதனைக்குப் பிறகு, அதற்குத் தேவையான செறிவூட்டிய யுரேனியம் வெளியிலிருந்து கிடைக்கவில்லை. நம் ஆட்கள் கைகட்டி உட்காராமல், புளூட்டோனியமும் யுரேனியமும் கலந்த கார்பைடு எரிபொருளைத் தாங்களே செய்தார்கள். அப்படிப்பட்ட எரிபொருளை வைத்து வேறெங்கும் அதற்கு முன் ஓர் உலையை ஓட்டியதில்லை. 1985 அக்டோபரில் உலை உயிர் பெற்றது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலை மாறுகிற, சம்பளம் ஏறுகிற வாழ்க்கையை உங்கள் மகள் எதிர்பார்த்தால் இது அவளுக்கு ஒத்துவராது. ஒரு கசிவை ஐந்து வருடம் துரத்திப் பிடிப்பதில் அவளுக்குச் சந்தோஷம் இருக்குமானால் இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

ஒருவேளை பயிற்சிப் பள்ளி கிடைக்கவில்லை என்றால்? எல்லோருக்கும் கிடைக்காது, அதுதான் உண்மை. ஆனால் இந்தத் துறை உலைக்குள் மட்டும் இல்லை. உங்கள் வீட்டுக்காரருக்கு எலும்பு ஸ்கேன் எடுத்தார்கள் என்றீர்களே, அதற்குப் போட்ட ஊசியில் பெரும்பாலும் டெக்னீசியம் இருந்திருக்கும். ஆறு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துபோகும் பொருள், தூரத்திலிருந்து கொண்டுவந்து வைத்துக்கொள்ள முடியாது. அதனால் 66 மணி நேர அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் நேரம்) உள்ள மாலிப்டினத்தை ஒரு குடுவையில் வாங்கி வைத்து, அதிலிருந்து ஊறிவரும் டெக்னீசியத்தை அன்றன்றைக்குத் தேவையானபடி எடுப்பார்கள். ஆய்வகத்தில் அதைப் பால் கறப்பது என்றே சொல்கிறார்கள். தைராய்டு புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிரியக்க அயோடினுக்கு எட்டு நாள் அரை ஆயுள். இந்த அளவுகளைக் கணக்கிட, கதிர் சிகிச்சை இயந்திரத்தைச் சரிபார்க்க ஒவ்வொரு புற்றுநோய் மருத்துவமனைக்கும் மருத்துவ இயற்பியலர் வேண்டும். எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து டிராம்பேயில் ஓராண்டு டிப்ளமா படிக்கலாம். அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. மெடிக்கல் பிசிக்ஸும் இருக்கிறது. அதன் பிறகு மருத்துவமனையில் ஓராண்டு பயிற்சி. நம் மாவட்டங்களில் புற்றுநோய் மையங்கள் பெருகி வருகின்றன, இந்த வேலையின் பெயர்கூடப் பல பெற்றோருக்குத் தெரியாது.

திருச்சி பக்கம் பாய்லர் குழாய்களைப் பற்றவைக்கும் தொழிற்சாலைகளில், பற்றவைப்பு சரியாக இருக்கிறதா என்று இரிடியத்தின் கதிரால் படம் பிடித்துப் பார்க்கிறார்கள். அங்கே உரிமம் பெற்ற ஆட்கள் தேவை. நாசிக் பக்கத்து லாசல்காவில் வெங்காயம் முளைவிடாமல் இருக்கக் கதிர்வீச்சு கொடுக்கிறார்கள். 2007-இலிருந்து நம் மாம்பழம் அமெரிக்கா போவதற்கும் இதே வித்தைதான் வழி திறந்தது. ஆஸ்பத்திரி சிரிஞ்சுகளைச் சுத்திகரிப்பதும் கோபால்ட்டின் கதிர்தான். கல்பாக்கத்திலேயே அணு மின் நிலையத்தோடு இணைத்து ஒரு நாளைக்கு 63 லட்சம் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் செயல்விளக்க ஆலை ஒன்றைக் கட்டினார்கள். குடத்தோடு லாரிக்கு நின்ற தலைமுறை நாம், அதனால்தானோ என்னவோ எனக்கு அந்த ஆலை உலையைவிட நெருக்கமாகத் தெரிகிறது.

2025 பட்ஜெட்டில் சிறிய உலைகளின் ஆராய்ச்சிக்கு 20,000 கோடி ரூபாய் ஒதுக்குவதாகவும், 2047-க்குள் 100 கிகாவாட் அணு மின்சாரம் வேண்டும் என்றும் அறிவித்தார்கள். இலக்குகள் தள்ளிப்போகும் என்பதை மேலே பார்த்தோம், அதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். மெக்கானிக்கலோ கெமிக்கலோ கையில் இருந்தால் அவள் வேறு எங்கும் பிழைத்துக்கொள்வாள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது, கவுன்சலிங் சாய்ஸ் பட்டியல். அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டிக் கல்லூரியும் ஏ.சி. டெக்கும் மேலே இருக்கட்டும், கட்-ஆஃப் எட்டாவிட்டாலும் நட்டமில்லை. அதற்குக் கீழே நம் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியின் மெக்கானிக்கல், ட்ரிபிள் ஈ இரண்டையும் போடச் சொல்லுங்கள். கல்லூரியின் பெயருக்காகப் பிடிக்காத பிரிவைப் போட வேண்டாம். சனிக்கிழமை காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வரும்போது பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தையும் எடுத்துவரச் சொல்லுங்கள். அணுக்கருப் பாடத்தில் அவள் எதை அடிக்கோடு போட்டிருக்கிறாள் என்று பார்த்துவிட்டு மற்றதைப் பேசிக்கொள்வோம்.