டோயிக் தேர்வுக்கு வணிக ஆங்கிலச் சொற்களை எப்படிப் படிப்பது?

"டோயிக் தேர்வு எழுதப் போகிறேன். வணிகச் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறேன். ஒரு வாரத்தில் பாதி மறந்துவிடுகிறது. வேறு வழி உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். டோயிக் (TOEIC) என்பது வேலையிடத்தில் பயன்படும் ஆங்கிலத்தைச் சோதிக்கும் தேர்வு. நீங்கள் வேலைக்குப் போய்க்கொண்டே இரவில் படிப்பவர் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பட்டியலை மூடி வையுங்கள். அகர வரிசையில் அடுக்கிய சொற்களுக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வணிகத்தில் சொற்கள் அப்படி வருவதில்லை. ஒருவர் விலை விசாரிப்பதில் தொடங்கி, பணம் கைக்கு வந்து கணக்கு முடிவது வரை, ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு வருகின்றன.

இதை நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் சரக்கு அனுப்பும் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். பள்ளிப்படிப்பு முழுவதும் தமிழ்வழியில்தான். தேர்வு எழுதுவது என்று முடிவு செய்ததும், முடிந்துபோன ஓர் ஆர்டரின் கோப்பை எடுத்து முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை படித்தேன். என்கொயரி (விசாரணைக் கடிதம்), கொட்டேஷன் (விலைப்புள்ளி), பர்ச்சேஸ் ஆர்டர் (கொள்முதல் ஆணை), டெலிவரி நோட் (சரக்கோடு போகும் சீட்டு), இன்வாய்ஸ் (பணம் கேட்கும் பட்டியல்) என்று வரிசையாகப் போன கோப்பில், கடைசியில் ஒரு கிரெடிட் நோட் (தொகையைக் கழித்துக் கொடுக்கும் சீட்டு) இருந்தது. அது ஏன் வந்தது என்று பின்னோக்கித் தேடினேன். வாடிக்கையாளர் கேட்டது 20 நாற்காலிகள். போய்ச் சேர்ந்தது 18. இன்வாய்ஸோ 20 நாற்காலிகளுக்கும் போடப்பட்டிருந்தது. அவர் புகார் எழுத, நாங்கள் வருத்தம் தெரிவித்து, வராத இரண்டுக்கான தொகையைக் கழித்துக் கொடுத்திருக்கிறோம். ஷார்ட்டேஜ் (குறைவு), டிஸ்கிரிபன்சி (கணக்கு ஒத்துப்போகாமை), அட்ஜஸ்ட்மென்ட் (சரிக்கட்டல்), அவுட்ஸ்டாண்டிங் பேலன்ஸ் (செலுத்த வேண்டிய மீதி) எல்லாம் அந்த ஒரே கோப்பில் தத்தம் இடத்தில் உட்கார்ந்திருந்தன. ஒன்றைக்கூட நான் உருப்போடவில்லை. டிஸ்கிரிபன்சி என்று எங்கே பார்த்தாலும் அந்த வராத இரண்டு நாற்காலிகள் நினைவுக்கு வந்துவிடும்.

தேர்வும் இதைத்தான் கேட்கிறது. வாசிப்புப் பிரிவில் 75 நிமிடங்களில் 100 கேள்விகள். அதில் கடைசிப் பகுதிக்கு மட்டும் 54. அவற்றிலும் 25 கேள்விகள் இரண்டு அல்லது மூன்று ஆவணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கப்படுபவை. மின்னஞ்சலில் ஒரு தேதி இருக்கும், இன்வாய்ஸில் ஓர் எண்ணிக்கை இருக்கும், இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை. சொல்லுக்குப் பொருள் தெரிந்தால் போதாது, எந்தத் தாள் எதற்குப் பிறகு வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். பட்டியல் இதைக் கற்றுத் தரவே தராது.

வாக்கியத்தை நிரப்பும் ஐந்தாம் பகுதிக்கு 30 கேள்விகள். அங்கே ஒரே வேரிலிருந்து பிறந்த நான்கு சொற்களை வரிசையாகக் கொடுத்து, வாக்கியத்தில் எது பொருந்தும் என்று கேட்பது வழக்கம். அதனால் நோட்டில் தனிச்சொல்லை எழுதாதீர்கள். அது வந்த வாக்கியத்தை முழுதாக எழுதுங்கள். ஆர்டரோடு ப்ளேஸ் வரும், இன்வாய்ஸோடு இஷ்யூ வரும், டெட்லைனோடு மீட் வரும். இந்தச் சேர்க்கைகள் கையால் எழுத எழுதத்தான் படியும்.

அலுவலகக் கோப்பை வீட்டுக்குத் தூக்கிப் போகச் சொல்கிறான் என்று யாரும் கிளம்ப வேண்டாம். நான் மேலதிகாரியிடம் கேட்டுக்கொண்டு, வேலை முடிந்த பிறகு என் மேஜையிலேயே படித்தேன். கோப்பு கிடைக்காதவர்கள் தேர்வு நடத்துபவர்களே வெளியிடும் மாதிரித் தாள்களை எடுத்து, அதிலுள்ள கடிதங்களை இப்படி வரிசைப்படுத்திப் படிக்கலாம். ஆள்சேர்ப்புக்கும் இதே முறைதான்: விளம்பரம், விண்ணப்பம், நேர்காணல் அழைப்பு, நியமனக் கடிதம். பட்டியலைப் படித்தே 900 மதிப்பெண்ணுக்கு மேல் எடுத்தவர்கள் இருக்கிறார்களே என்பீர்கள். இருக்கட்டும். அவர்கள் அதற்கு முன்பே ஆங்கிலத்தில் நிறையப் படித்துப் பழகியவர்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அந்த அடித்தளத்தைப் பட்டியல் போட்டுத் தராது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நான் நல்ல மதிப்பெண் வாங்கினேன். பின்னொரு சமயம் பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தபோது, மதிப்பெண் அறிக்கை இரண்டு ஆண்டுகளைத் தாண்டிவிட்டது, செல்லாது என்று திருப்பிவிட்டார்கள். அந்த இரண்டு ஆண்டுகளும் எங்கள் பிரிவிலிருந்து வெளியே போன ஆங்கிலக் கடிதங்களை எழுதியது யார்? வரைவு என்னுடையது, கையெழுத்து வேறொருவருடையது. என் ஆங்கிலம் கண்ணெதிரே கடிதம் கடிதமாகப் போய்க்கொண்டிருந்தபோது, அது இருக்கிறதா என்பதற்குத் தாளில் சான்று கேட்டார்கள். தேர்வு நடத்துபவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. மொழி பழக்கம் விட்டால் மங்கும், ஆகவே அவர்கள் காலவரம்பு வைப்பதில் நியாயம் உண்டு. கூடவே உட்கார்ந்து வேலை வாங்கியவர்கள் அப்படிக் கேட்டதைத்தான் இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

நீங்களும் எந்த வேலைக்காக இந்தத் தேர்வை எழுதுகிறீர்களோ, அதற்கு விண்ணப்பிக்கும் காலத்தை முதலில் விசாரித்துக்கொண்டு, அதற்கேற்பத் தேர்வுத் தேதியைப் பதிவு செய்யுங்கள்.