ஒப்பந்தம் போட்டாச்சு, பயிற்சிதான் நடக்கவில்லை: ஒரு ஐடிஐ பயிற்சி அலுவலரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: கோவையின் தெற்குப் பக்கத்தில் ஒரு தனியார் ஐடிஐயில் பயிற்சி அலுவலராக இருக்கிறேன். டர்னர், ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் என்று மூன்று பிரிவுகள். பக்கத்துத் தொழிற்பேட்டையில் இரண்டு கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டு, போன வருடம் மாணவர்களை அனுப்பினோம். பெரிய கம்பெனியில் பேக்கிங்கில் நிற்க வைத்துவிட்டார்கள். சின்னக் கம்பெனியில் “மெஷினை உடைச்சிடுவாங்க சார்” என்று பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெற்றோர் சண்டைக்கு வருகிறார்கள். இந்த வருடம் எப்படிச் செய்தால் பையன்கள் உண்மையிலேயே வேலை கற்றுக்கொண்டு வருவார்கள்? அவர்களுக்குப் பணம் கேட்கலாமா? அடிபட்டால் யார் பொறுப்பு?

பதில்: முதலில் அந்த ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். கல்விக்கும் தொழிலுக்கும் பாலம் அமைக்க இரு தரப்பும் ஒத்துழைக்கும் என்ற ரீதியில் இரண்டு பக்கம் இருக்கும். கீழே உங்கள் தாளாளர் கையெழுத்து, அந்தப் பக்கம் ஹெச்.ஆர். மேனேஜர் கையெழுத்து. மெஷின் பக்கத்தில் நின்று பையனுக்குச் சொல்லித்தரப் போகிறவரின் பெயர் எங்கேயும் இருக்காது. பையன் என்னென்ன வேலை செய்யப் போகிறான் என்பதும் இருக்காது. காலையில் அவன் போய் நிற்கிறான். ஷிஃப்ட் சூப்பர்வைசருக்கு அன்றைய டெஸ்பாட்ச் தலைக்கு மேல் இருக்கிறது. “நீ போய் அந்தப் பெட்டியை அடுக்கு” என்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வேறு எதுவும் செய்யச் சொல்லி அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஆக, இந்த வருடம் ஒப்பந்தத்தோடு ஒரு தாள் சேருங்கள். அதில் இரண்டு விஷயம் கட்டாயம்: சொல்லித்தரும் ஆளின் பெயர், பையன் செய்யப் போகிற வேலைகளின் பட்டியல். இந்த இரண்டையும் தர மாட்டோம் என்கிற கம்பெனி எவ்வளவு பெரிய பெயர் உள்ளதாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

ஜெர்மனியின் இரட்டைப் பயிற்சி முறையைப் பற்றி நம் கருத்தரங்குகளில் நிறையப் பேசுகிறோம். அங்கே பையன் முதலில் கம்பெனியோடு ஒப்பந்தம் போடுகிறான், அதன் பிறகுதான் தொழிற்பள்ளி. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் பள்ளி, மற்ற நாள் பட்டறை. பயிற்சி தரத் தகுதி பெற்ற ஆள் கம்பெனியில் இருந்தாக வேண்டும். அதைத் தொழில் வர்த்தக சபை கண்காணிக்கிறது, தேர்வையும் அதுவே நடத்துகிறது. நம் ஊரில் பள்ளிதான் கம்பெனியைத் தேடிப் போகிறது, இடையில் கண்காணிக்க யாரும் இல்லை. அந்த சபை செய்கிற வேலையை இங்கே நீங்கள்தான் செய்ய வேண்டும். கொஞ்சம் அலைச்சல்தான்.

சரி, எந்தக் கம்பெனி? பெயர்ப்பலகை பெரிதாக இருந்தால் பெற்றோருக்கு சந்தோஷம், அட்மிஷன் நோட்டீஸில் போட்டுக்கொள்ளவும் வசதி. ஆனால் டர்னர், அதாவது லேத் வேலை படிக்கிற பையனுக்குப் பெரிய அசெம்பிளி லைனில் கற்க அதிகம் கிடைக்காது. அங்கே ஒரே பாகம் நாள் முழுக்க ஓடும். மெஷினில் டூலையும் அளவையும் பொருத்துகிற செட்டிங்கை யாரோ எப்போதோ செய்து முடித்திருப்பார்கள். இவன் எடுத்து வைப்பான், பட்டன் அழுத்துவான். கோவையின் பலம் ஜாப் ஒர்க் பட்டறைகள், அதாவது அடுத்தவர் தருகிற ஆர்டரைக் கூலிக்குச் செய்துகொடுக்கிற இடங்கள். குறிச்சி, கணபதி, பீளமேடு பக்கம் பத்துப் பதினைந்து பேர் வேலை செய்கிற யூனிட்டுகளில் காலையில் பம்ப் ஷாஃப்ட், மதியம் வேறு யாருக்கோ புஷ் என்று வேலை மாறும். ஒவ்வொரு முறையும் டிராயிங் பார்க்க வேண்டும், டூல் மாற்ற வேண்டும், முதல் பீஸை அளந்து ஓகே வாங்க வேண்டும். கற்க வேண்டியதெல்லாம் அந்த மாற்றங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. எலக்ட்ரீஷியன் பையனுக்கும் இதே கதைதான்: மோட்டார் வைண்டிங் யூனிட்டும் பேனல் போர்டு செய்கிற சின்னக் கடையும் போதும். பெரிய கம்பெனியை விட்டுவிடச் சொல்லவில்லை. அதை ஒருநாள் பார்வைக்கும் படிப்பு முடிந்த பையன்களை உதவித்தொகையோடு வேலை பழகும் அப்ரண்டிஸாகச் சேர்க்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னப் பட்டறை முதலாளியின் பயம் நியாயமானது. மெட்டீரியல் அவருடையது இல்லை, வாடிக்கையாளர் கொடுத்தது. பையன் பத்து பீஸைக் கெடுத்தால் இவர் பதில் சொல்ல வேண்டும். டூல் உடைந்தால் இவர் கைக்காசு. அதனால் முதல் நாளே லேத்தில் நிற்க வைக்கச் சொல்லாதீர்கள். முதல் சில நாள் இன்ஸ்பெக்‌ஷன் மேஜை. ஓடிவந்த பீஸ்களை வெர்னியரிலும் மைக்ரோமீட்டரிலும் அளந்து, டிராயிங்கில் உள்ள அளவோடு ஒப்பிட்டு எழுதட்டும். பேரிங் உட்காரும் இடத்தில் ஷாஃப்ட் எவ்வளவு கூடிக் குறையலாம் என்பது அங்கேதான் புத்தியில் ஏறும். முதலாளிக்கும் லாபம்: எத்தனையோ சின்னப் பட்டறைகளில் நூற்றுக்கு நூறு அளந்து பார்க்க ஆள் கிடையாது. அப்புறம் பிசிறு எடுத்தல், ட்ரில்லிங், துளைக்குள் மரை போடுகிற டேப்பிங். அப்புறம் ஆபரேட்டர் செட்டிங் செய்யும்போது பக்கத்தில் நின்று கையாளாக உதவி. கடைசி வாரத்தில்தான் அவர் கண்முன்னால் தனியாக ஒரு பீஸ். இந்த வரிசையைத் தாளில் எழுதிக் காட்டினால், திருப்பி அனுப்பிய முதலாளியே இரண்டு பேரை எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

ஆம், இரண்டு பேர்தான். ஒரு பட்டறைக்கு அதற்கு மேல் அனுப்பினால் மூன்றாவது பையன் செல்போன்தான் பார்ப்பான். டர்னர் பிரிவில் 20 பேர் என்றால் ஐந்து பட்டறை, இரண்டு சுற்று. முதல் வருடத்தில் மூன்று பிரிவையும் இழுத்துப்போட்டுக்கொள்ள வேண்டாம். டர்னரில் மட்டும் செய்து பாருங்கள்.

நேரம் எங்கிருந்து எடுப்பது என்று கேட்பீர்கள். அதற்குப் பாடத்திட்டமே வழி விட்டிருக்கிறது. 2022இல் திருத்திய ஐடிஐ பாடத்திட்டத்தில் வருடத்துக்கு 150 மணி நேரம் பணியிடப் பயிற்சி கட்டாயம். பக்கத்தில் வசதி இல்லாவிட்டால் அதற்குப் பதில் குழுத் திட்டப்பணி. பல நிறுவனங்கள் அந்த இரண்டாவது வழியைப் பிடித்துக்கொண்டு ரெக்கார்டு எழுதி முடித்துவிடுகின்றன. தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருக்கிற உங்களுக்கு அது வேண்டாம். 150 மணி நேரம் என்றால் எட்டு மணி நேர ஷிஃப்டில் 19 நாள், மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் மேல். இதை வாரம் ஒருநாள் என்று பிரித்துக் கொடுக்காமல் ஒரே மூச்சில் கொடுங்கள். வாரம் ஒருநாள் போகிறவன் ஒரு வேலையின் தொடக்கத்தைப் பார்ப்பான். அடுத்த வாரம் போகும்போது அது டெலிவரியாகிப் போயிருக்கும். பம்ப் சார்ந்த யூனிட் என்றால் கோடைக்கு முந்தைய மாதங்களைத் தவிருங்கள், அப்போது அங்கே யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களும் அப்படித்தான். தீபாவளி விடுமுறை முடிந்து ஆட்கள் திரும்பிய பிறகு கேட்டுப் பாருங்கள்.

இன்னும் நீண்ட காலம் அனுப்ப நினைத்தால் 2016இல் நம் நாட்டிலேயே வந்த இரட்டைப் பயிற்சித் திட்டம் இருக்கிறது. ஓராண்டுப் பிரிவுகளுக்கு 3 முதல் 6 மாதம், ஈராண்டுப் பிரிவுகளுக்கு 6 முதல் 12 மாதம் கம்பெனியிலேயே பயிற்சி. பாலிடெக்னிக்குகளில் படிப்புக்கு நடுநடுவே கம்பெனிக்கு அனுப்புகிற மூன்றரை வருட சாண்ட்விச் டிப்ளமோ ரொம்ப நாளாகவே இப்படி நடந்துவருகிறது. ஆனால் மூன்று வாரத்தையே ஒழுங்காக நடத்தாத கம்பெனியிடம் ஆறு மாதத்தை ஒப்படைப்பது ஆபத்து. இரண்டு வருடம் பழகிவிட்டு அதற்குப் போங்கள்.

சொல்லித்தருகிற ஆளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் கோட்டைவிடுவது இங்கேதான். சூப்பர்வைசர் பெயரைக் கொடுத்தால் ஏற்காதீர்கள். அவர் ஒரு இடத்தில் நிற்க மாட்டார். பல வருடம் மெஷினில் நின்ற ஆபரேட்டர் ஒருவர் வேண்டும். அவருக்குப் பீஸ் ரேட்டோ உற்பத்தி இன்சென்டிவோ இருந்தால், பையனுக்குச் சொல்லித்தரும் ஒவ்வொரு நிமிடமும் அவர் பாக்கெட்டில் இருந்து போகிறது. அப்புறம் எப்படி ஆசையாகச் சொல்லித்தருவார்? அந்த மூன்று வாரத்துக்கு அவருடைய டார்கெட்டைக் குறைக்க முதலாளி ஒத்துக்கொள்ள வேண்டும். முடியாது என்றால் உங்கள் நிர்வாகம் அவருக்கு ஒரு தொகை கொடுக்கலாம். அவரை வருடத்தில் சில நாள் உங்கள் ஐடிஐக்கே வரவழைத்து, மாணவர்கள் முன்னால் ஒரு ஜாப் செய்துகாட்டச் சொல்லி மதிப்பூதியம் கொடுப்பது இன்னும் நல்லது. படிப்பு அதிகம் இல்லாத மனிதரை ‘சார்’ என்று கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவைத்தால், அடுத்த செட் பையன்கள் போகும்போது நடக்கிற வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

மாணவர்களுக்கு முன்னால் உங்கள் இன்ஸ்ட்ரக்டர் அந்தப் பட்டறையில் இரண்டு நாள் நிற்கட்டும். என்னென்ன வேலை ஓடுகிறது என்று பார்த்துவிட்டு அவரே பட்டியலை எழுதட்டும். பயிற்சி நடக்கும்போது எந்த நாளும் சொல்லாமல் உள்ளே வரும் உரிமையும் அவருக்கு உண்டு என்று தாளில் சேர்த்துவிடுங்கள்.

பணம் கேட்கலாமா? இந்த 150 மணி நேரத்துக்கு உதவித்தொகை கேட்டு அடம்பிடித்தால் சின்னப் பட்டறைகள் விலகிவிடும். மதியச் சாப்பாடும் பஸ் செலவும் கேளுங்கள், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். உண்மையான உதவித்தொகை படிப்பு முடிந்த பிறகு அப்ரண்டிஸாகச் சேரும்போது வருகிறது. 1961ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டத்தின்படி, ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், மொத்த ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தாக வேண்டும். 4 முதல் 29 பேர் உள்ள இடங்களுக்கு அது விருப்பம். தேசிய தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் பதிவுசெய்தால் உதவித்தொகையில் 25 சதவீதம், மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. முதலாளியிடம் பேசும்போது இதை எடுத்துச் சொல்லுங்கள். “மூன்று வாரம் பையனைப் பாருங்கள், பிடித்தால் அப்ரண்டிஸாக எடுத்துக்கொள்ளுங்கள், போர்ட்டல் பதிவு வேலையை நாங்கள் செய்து தருகிறோம்” என்றால் பேச்சு வேறு மாதிரிப் போகும். சின்ன முதலாளிக்கு அந்த ஆன்லைன் வேலைதான் பெரிய தலைவலி.

ஒரு எச்சரிக்கை. “ஐம்பது பேரை அனுப்புங்கள், தலைக்கு இவ்வளவு உங்கள் கல்லூரிக்குத் தருகிறோம்” என்று கன்சல்டன்சிக்காரர்கள் வருவார்கள். அது பயிற்சி இல்லை, ஆள் சப்ளை. நைட் ஷிஃப்ட், விடுதி, எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை எல்லாம் அதன் பின்னாலேயே வரும். வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அடிபட்டால் யார் பொறுப்பு என்ற கேள்வியை ஒப்பந்தம் போடும்போதே தீர்த்துவிட வேண்டும். அப்ரண்டிஸாகப் பதிவானவருக்குப் பயிற்சியின்போது காயம் பட்டால் இழப்பீடு கொடுக்கும் பொறுப்பு வேலை தருபவருடையது என்று தொழிற்பழகுநர் சட்டமே சொல்கிறது. ஆனால் 150 மணி நேரத்துக்குப் போகிற பையன் உங்கள் மாணவன். அந்தச் சட்டத்தின் நிழல் அவனுக்குக் கிடையாது. அதனால் குழு விபத்துக் காப்பீடு எடுக்காமல் ஒருவரையும் அனுப்பாதீர்கள். பிரீமியத்தைக் கம்பெனி கட்டுமா நீங்கள் கட்டுவீர்களா என்பதைப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி, யாருக்கு முதலில் போன் என்பதும் தாளில் இருக்கட்டும். செய்யவே கூடாத வேலைகளையும் எழுதுங்கள்: பவர் பிரஸ், உலை, கிரைண்டிங் வீல் மாற்றுவது, மின்சாரத்தைத் துண்டிக்காத லைனில் கை வைப்பது, லாரியில் லோடு ஏற்றுவது. உங்கள் மாணவர்களில் பலருக்கு 18 வயது நிறைந்திருக்காது என்பதால் இதில் சமரசமே வேண்டாம். ஷூவும் கண்ணாடியும் கம்பெனி தரும் என்று காத்திருக்காமல் நீங்களே வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள். லேத்தில் தளர்ந்த சட்டைக் கை, கையுறை, கழுத்துக் கயிறு எதுவும் கூடாது என்பதைப் பெற்றோரிடமும் சொல்லிவிடுங்கள். பெண் பிள்ளைகள் இருந்தால் கழிவறையையும் மாலை பஸ் நேரத்தையும் பார்த்த பிறகு பட்டறையை முடிவு செய்யுங்கள். இரண்டு பேராகவே அனுப்புங்கள்.

பையன் கையில் ஒரு நாள்குறிப்பு நோட்டு இருக்கட்டும். இன்று என்ன பாகம், என்ன மெட்டீரியல், எந்த டூல், என்ன அளவு வந்தது, ரிஜெக்ட் ஆனதா, ஏன். நாலு வரி போதும். சொல்லித்தந்த ஆபரேட்டர் தினமும் சாயங்காலம் கையெழுத்துப் போட வேண்டும். ‘இன்று கிளீனிங்’ என்று தொடர்ந்து மூன்று நாள் வந்தால் இன்ஸ்ட்ரக்டர் நேரே போய்ப் பேச வேண்டும். அப்படியும் மாறவில்லையா, பையனை அன்றைக்கே வேறு பட்டறைக்கு மாற்றிவிடுங்கள். அதற்காகக் கூடுதலாக ஒரு பட்டறையை முன்கூட்டியே பேசி வைத்திருங்கள். முடிவில் தரும் சான்றிதழில் ‘வெற்றிகரமாகப் பயிற்சி முடித்தார்’ என்ற வரிக்குப் பதிலாக, அந்த நோட்டிலிருந்து அவன் தனியாகச் செய்து ஓகே வாங்கிய வேலைகளைப் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். அப்ரண்டிஸ் நேர்காணலில் ஃபோர்மேன் கேள்வி கேட்பதும் அந்த வரிகளிலிருந்துதான்.