பிடி-1 புரதம் எலைசாவில் ஒட்டவில்லை: குறை எங்கே?

கேள்வி: டி செல்லின் மேலிருக்கும் மனித பிடி-1 ஏற்பியின் ரீகாம்பினன்ட் (ஆய்வகச் செல்களில் தயாரித்த) புரதம், ஹிஸ் டேக் என்ற சிறு அடையாள வால் உள்ளது, 100 மைக்ரோகிராம் தூளாக வாங்கினோம். 0.1 சதவீதம் பிஎஸ்ஏ (மாட்டுச் சீரம் ஆல்புமின்) கலந்த பிபிஎஸ் என்ற உப்பு பஃபரில் கரைத்து எலைசா (புரதம் ஒட்டுவதை நிறத்தால் அளக்கும் சோதனை) பிளேட்டில் பூசினோம். மேலே பிடி-எல்1 எஃப்சி (பிடி-1உடன் இணையும் புரதம், ஆன்டிபாடியின் வால் பகுதியான எஃப்சியோடு சேர்த்தது) சேர்த்தால் வெற்றுக் குழியைவிடச் சிக்னல் சற்றுத்தான் கூடுகிறது. புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் 17 கிலோடால்டனில் வரவேண்டிய பட்டை 35-க்கு அருகில் மங்கலாகப் பரவி நிற்கிறது. 66-இல் தடித்த பட்டை ஒன்றும் இருக்கிறது. வேறு புரதத்தை அனுப்பிவிட்டார்களா?

பதில்: இல்லை. ஜெல்லில் தெரிவது பெரும்பாலும் பிடி-1தான். செல்லுக்கு வெளியே நீட்டி நிற்கும் அதன் பகுதியில் சர்க்கரைச் சங்கிலி ஏறும் ஆஸ்பராஜின் இடங்கள் நான்கு உள்ளன. மனித ஹெச்ஈகே செல்களில் தயாரித்த புரதத்தில் இந்தச் சங்கிலிகள் ஒன்றுபோல் இருக்காது. அதனால் கணக்கிட்ட எடை 17 ஆனாலும் 30 முதல் 40 வரை புகைபோலப் பரவி ஓடும். சந்தேகம் தீர, சர்க்கரைச் சங்கிலியை வெட்டும் பிஎன்ஜிஏஸ் எஃப் நொதி சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். பட்டை கீழே இறங்கினால் சர்க்கரைதான் காரணம். ஈ. கோலையில் செய்த புரதத்துக்கு இந்தச் சங்கிலிகளே கிடையாது.

66-இல் இருக்கும் பட்டை நீங்கள் சேர்த்த பிஎஸ்ஏ. சிக்கலின் வேரும் அதுவே. 200 மைக்ரோகிராம்/மி.லி. செறிவில் கரைத்ததாக வைத்துக்கொள்வோம். 0.1 சதவீதம் என்றால் பிஎஸ்ஏ மி.லி.க்கு 1000 மைக்ரோகிராம், பிடி-1ஐப் போல ஐந்து மடங்கு. எத்தனை மடங்கு நீர்த்தாலும் இந்த விகிதம் மாறாது. பிளேட்டின் பிளாஸ்டிக் எந்தப் புரதம் என்று பார்ப்பதில்லை. இடத்தைப் பிஎஸ்ஏ பிடித்துக்கொள்கிறது. பிஎஸ்ஏ போன்ற துணைப் புரதம் சேர்க்கச் சொல்லும் குறிப்பு, மிகக் குறைந்த செறிவில் நீண்ட நாள் வைத்திருப்பவர்களுக்கும் செல் சோதனைக்கும் பொருந்தும். பூசுவதற்கோ, பயோட்டின் என்ற சிறு ஒட்டுக்குறியைப் புரதத்தில் ஏற்றுவதற்கோ பொருந்தாது. பயோட்டின் ஏற்றுவதாக இருந்தால் டிரிஸ் பஃபரும் கூடாது. அதன் அமீன் குழு வினைபொருளைத் தின்றுவிடும்.

புதிய குப்பியை மூடியபடியே அறை வெப்பநிலைக்குக் கொண்டுவாருங்கள். குளிர்ந்த குப்பியைத் திறந்தால் ஈரம் உள்ளே இறங்கும். ஒரு நிமிடம் மையவிலக்கில் சுற்றி, மூடியில் ஒட்டிய தூளை அடியில் சேருங்கள். வெறும் பிபிஎஸ் 500 மைக்ரோலிட்டர் விட்டு 20 முதல் 30 நிமிடம் அப்படியே வையுங்கள். இடையிடையே மெதுவாகச் சாய்த்தால் போதும். வோர்டெக்ஸ் (வேகமாகக் குலுக்கும் கருவி) வேண்டாம், நுரையில் புரதம் மடிப்புக் கலையும். 25 மைக்ரோலிட்டராகப் பிரித்து, புரதம் ஒட்டாத குழாய்களில் மைனஸ் 80-இல் வையுங்கள். ஒரு குழாயில் 5 மைக்ரோகிராம் இருக்கும், 2.5 மி.லி. ஆக்கினால் 2 மைக்ரோகிராம்/மி.லி., குழிக்கு 100 மைக்ரோலிட்டர் வீதம் 24 குழிக்குப் போதும். ஒருமுறை உருகியதைத் திரும்ப உறையவைக்காதீர்கள்.

4 டிகிரியில் இரவு முழுவதும் பூசுங்கள். பிஎஸ்ஏ இப்போதுதான் வரவேண்டும்: 2 சதவீதம், ஒரு மணி நேரம் பிளாக்கிங் (மிச்ச இடத்தை அடைத்தல்). பிறகு பிடி-எல்1 எஃப்சியை 10 மைக்ரோகிராம்/மி.லி.யில் தொடங்கி மும்மடங்காக நீர்த்துக்கொண்டே போங்கள். பிடி-1க்கும் பிடி-எல்1க்கும் தனித்தனி மூலக்கூறாக இருக்கும்போது பிணைப்பு பலவீனமானது, சுமார் 8 மைக்ரோமோலார் (இந்த எண் கூடினால் பிடி தளர்வு). எஃப்சி இரண்டு பிடி-எல்1 கைகளையும் சேர்த்துப் பிடிப்பதால்தான் எலைசாவில் அது தங்குகிறது. தயாரிப்பாளர் தாளில் காணும் நானோமோலார் எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். பெரும்பாலும் அது இந்த இரட்டைப் பிடியின் அளவு. ஆகவே 0.05 சதவீதம் ட்வீன் டிடர்ஜென்ட் கலந்த பிபிஎஸ்ஸில் மூன்று முறை மென்மையாகக் கழுவுங்கள். கூடுதலாகக் கழுவினால் பின்னணியோடு சிக்னலும் போய்விடும்.

மூன்று கட்டுப்பாடுகள் கட்டாயம். பிடி-1 பூசாத குழி. பிடி-எல்1 எஃப்சிக்குப் பதில் சாதாரண மனித ஐஜிஜி ஆன்டிபாடி சேர்த்த குழி. அதற்குப் பதில் பெம்ப்ரோலிசுமாப் (பிடி-1ஐப் பிடிக்கும் மருந்து ஆன்டிபாடி) சேர்த்த குழி. மூன்றாவதுதான் தீர்ப்புச் சொல்வது. அந்த ஆன்டிபாடி மிக இறுக்கமாகப் பிடிக்கும், பிடி-எல்1 எஃப்சியைக் காட்ட நீங்கள் சேர்க்கும் மனித எஃப்சி எதிர்ப்பு ஹெச்ஆர்பியே (நிறம் தரும் நொதி ஏற்றிய ஆன்டிபாடி) அதையும் காட்டும். அதில் சிக்னல் வலுவாக வந்து பிடி-எல்1இல் வராவிட்டால் பிடி-1 பிளேட்டில் சரியாக இருக்கிறது, லிகண்டையோ (பிடி-எல்1) கழுவலையோ கவனியுங்கள். இரண்டிலும் வராவிட்டால் பூச்சு தவறியது. ஒட்டும்போதே உருக்குலைகிறது என்று தோன்றினால், ஒற்றை இடத்தில் பயோட்டின் ஏறிய பிடி-1ஐ வாங்கி பயோட்டினைப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் பிளேட்டில் பிடிப்பது மேல். விலை கூடும்தான், ஆனால் வீணாகும் பிளேட்டுகளை எண்ணினால் அதிகமில்லை.

பிற்பாடு எஃப்சி டேக் உள்ள பிடி-1க்கு மாறினால் இந்த ஹெச்ஆர்பி உதவாது. பூசிய புரதத்தையே பிடித்து எல்லாக் குழியையும் நிறமாக்கிவிடும். அப்போது பயோட்டின் ஏற்றிய பிடி-எல்1ஐயும் ஸ்ட்ரெப்டாவிடின் ஹெச்ஆர்பியையும் எடுங்கள். எந்தப் பஃபரிலும் சோடியம் அசைடு வேண்டாம். ஹெச்ஆர்பியை முடக்கும், செல் சோதனையில் டி செல்களையும் கொல்லும்.