தகர வீட்டுக்கு மண்ணடிக் குழாய் வேண்டாம்

ஐயா, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உங்கள் தகரக் கூரை வீட்டைக் குளிர்விக்க, கொல்லையில் குழாய் புதைத்து வெப்பப் பம்பு (வெப்பத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றும் கருவி) வைக்கச் சொல்கிறாராம் வேலையை எடுத்துச் செய்யும் குத்தகையாளர். அவசரப்பட்டு மண்வெட்டியைத் தூக்காதீர்கள்.

குழாயில் ஓடும் நீர் வீட்டு வெப்பத்தை மண்ணில் இறக்கிவிட்டுத் திரும்பும். குளிர்நாட்டில் சில மீட்டர் ஆழத்து மண் ஏறக்குறைய 10 பாகை செல்சியஸ். கோடையில் கொட்டிய வெப்பத்தைக் குளிர்காலத்தில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். நம் மண்ணோ 27, 28 பாகை. எடுப்பதே கிடையாது, ஆண்டு முழுக்கக் கொட்டுவதுதான். குழாயைச் சுற்றி மண் மெல்லச் சூடேறிவிடும்; பிறகு அதில் வெப்பம் சரியாக இறங்காது.

முதலில் கூரையைப் பாருங்கள். நான் தகரத்துக்கு அடியில் அலுமினியத் தாள் ஒட்டிய வெப்பத்தடுப்புப் பஞ்சு விரித்தேன். பிற்பகல் அனல் தணிந்தது, மழைச் சத்தமும் குறைந்தது. பிறகு, தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் இன்வெர்ட்டர் குளிர்சாதனம் ஒன்று போதும்.