பழைய ஹாஸ்டல் கதைகள், புதிய கண்ணாடி

கேள்வி: எட்டாம் வகுப்பில் 'மாலரி டவர்ஸ்' என்ற ஆங்கிலப் பெண்கள் ஹாஸ்டல் பள்ளிக் கதைகளைத் தோழிகளுக்குள் மாற்றி மாற்றிப் படித்தோம். இப்போது புது செட் வாங்கினேன். வரிகள் மாறியிருப்பதுபோல் படுகிறது, பழைய விறுவிறுப்பும் இல்லை. எனக்கு வயதாகிவிட்டதா? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: வயதின் மேல் பழி போடாதீர்கள். எனிட் பிளைட்டன் 1946 முதல் 1951 வரை எழுதியவை ஆறே புத்தகங்கள். செட்டில் பன்னிரண்டு இருந்தால் மற்ற ஆறும் பமீலா காக்ஸ் எழுதி 2009-ல் வந்தவை. அவற்றின் நாயகி, பிளைட்டன் கதைகளின் நாயகியான டாரலின் தங்கை ஃபெலிசிட்டி. அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள்.

அடுத்து, முதல் புத்தகத்தில் நீச்சல்குளக் காட்சியைப் பாருங்கள். சக மாணவி க்வென்டலின், பயந்த சுபாவமுள்ள மேரி லூவைத் தண்ணீரில் அமுக்க, டாரல் க்வென்டலினைப் பளார் பளாரென்று அறைவாள். உங்கள் பிரதியில் அந்த அறை இல்லையென்றால் அது பிற்காலத்தில் திருத்திய பதிப்பு. டாரலின் முன்கோபம்தான் கதையின் அச்சாணி. அறையை எடுத்துவிட்டால், பிறகு அவள் மன்னிப்புக் கேட்பது ஒன்றுமில்லாததற்குப் பதறுவதுபோல் ஆகிவிடும். பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த பிரதி கிடைத்தாலும் விடாதீர்கள்.

ஆறையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். புதுப்பெண் வருவாள், குறும்பு நடக்கும், நள்ளிரவு விருந்து, அப்புறம் சமாதானம். இந்த வாய்ப்பாடு மூன்றாவது புத்தகத்திலேயே சலித்துவிடும். முதலாவதையும் கடைசியையும் மட்டும் அடுத்தடுத்துப் படியுங்கள். சிறுவயதில் நாம் சிரித்துத் தள்ளிய க்வென்டலின், அப்பா நோயில் விழுந்ததும் சுவிட்சர்லாந்துப் படிப்புக் கனவை விட்டு வேலைக்குப் போக நேரும் இடம் இப்போது சுருக்கென்று தைக்கும்.

விருந்துக் காட்சிகளையும் ஒரு தகவலோடு படியுங்கள்: பிரிட்டனில் உணவுப் பங்கீடு 1940 முதல் 1954 வரை இருந்தது, மிட்டாய்க்குக்கூட 1953 வரை கட்டுப்பாடு. கேக்கும் சாக்லேட்டும் பக்கம் பக்கமாக வருவது சும்மா இல்லை.

கேள்வி: சாரல் காலத்தில் பழைய புத்தகங்களில் பூஞ்சணம், முதுகும் விட்டுப்போகிறது. வெயிலில் வைக்கலாமா? (வாசகர், தென்காசி)

பதில்: நேர் வெயில் கூடாது, பழுப்புத் தாள் இன்னும் பழுத்து நொறுங்கும், முதுகுப் பசை காய்ந்து வெடிக்கும். காற்றோடும் நிழலில் புத்தகத்தை விசிறிபோல் விரித்து நிற்கவைத்து இரண்டு மூன்று நாள் உலர்த்துங்கள். பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைத்தால் தாளுக்குள் இறங்கிவிடும். நன்றாக உலர்ந்த பிறகு, மூக்கை மூடிக்கொண்டு, மொட்டைமாடியில் வைத்து மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

முதுகுக்கு செலோடேப் வேண்டாம். சில வருஷத்தில் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும். வெள்ளைப் பசையைப் பிரஷ்ஷால் மெல்லிசாகத் தடவி, பட்டர் பேப்பர் சுற்றி, ஓர் இரவு பாரம் வையுங்கள். பசை அதிகமானால் பக்கங்களுக்குள் கசிந்து ஒட்டிக்கொள்ளும். பீரோ சுவரில் உரசாமல் இரண்டு அங்குலம் தள்ளி நிற்கட்டும். ஈரம் போகாத புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சணத்துக்கு நீங்களே வீடு கட்டிக் கொடுத்ததுபோல.

கேள்வி: மகள் ஐந்தாம் வகுப்பு, தமிழ்வழி. இந்தக் கதைகளைக் கொடுக்கலாமா? (வாசகி, அம்பாசமுத்திரம்)

பதில்: கதை தொடங்கும்போது டாரலுக்கு வயது 12. இப்போதைக்கு ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் தமிழில் சொல்லிக் காட்டுங்கள், தானாகப் படிப்பது ஏழாம் வகுப்பில் ஆகட்டும். கதையில் வரும் லாக்ராஸ் என்னவென்று கண்டிப்பாகக் கேட்பாள்: நுனியில் வலை கட்டிய கம்பால் பந்தைப் பிடித்து எறியும் ஆட்டம்.