பதில்: அப்பாவின் ஏ.எல்.எஸ்ஸுக்கு டட்கா குளிசை

தம்பி, லண்டன் மச்சான் டட்கா (ஒருவகைப் பித்த அமிலம்) குளிசை அனுப்பட்டா எண்டு கேக்கிறார், அப்பாவின் ஏ.எல்.எஸ்ஸுக்கு (தசையை இயக்கும் நரம்புக் கலங்கள் சாகும் நோய்) அது கேக்குமா எண்டு வெள்ளவத்தையிலிருந்து எழுதியிருந்தீங்கள். என்னைக் கேட்டால், வேண்டாம்.

எண்ணம் பிழையில்லை. சரியாக மடியாத புரதம் சேரச்சேர, கலம் புரதம் செய்வதையே குறைத்துவிடும். அது நீண்டால் நரம்புக் கலம் சாகும். அந்த நெருக்கடியைத் தணிக்கத்தான் டட்காவோடு சோடியம் பினைல்பியூட்டிரேட் எண்ட இன்னொரு மருந்தும் சேர்ந்த ரெலிவ்ரியோ எண்ட மருந்து வந்தது. 137 பேரில் பலன் தெரிய, 2022இல் அமெரிக்கா அனுமதித்தது. பிறகு 664 பேரில் 48 கிழமை பார்த்தால், போலி மருந்துக்கும் அதுக்கும் வித்தியாசமே இல்லை. 2024இல் கம்பனியே சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. புரத உற்பத்தியை நேரே திறந்துவிடப் பார்த்த டிஎன்எல்343 எண்ட பரிசோதனை மருந்தும் 2025 தொடக்கத்தில் கைகொடுக்கவில்லை.

ஏ.எல்.எஸ்ஸுக்குக் குடுக்கிற ரிலுசோல் மருந்து எடுக்கிறார் எண்டால் நிறுத்தாதீங்கோ. அடுத்த கிளினிக்கில் மூச்சுப் பரிசோதனை கேளுங்கோ; இரவில் மாஸ்க்கோடு போடும் பைபாப் மெஷினை நேரத்துக்குத் தொடங்கினால் ஆயுள் கூடும். பிளேன்டீ குடிக்கேக்க இருமுறாரா? தண்ணிச் சாமான்தான் முதலில் புரைக்கேறும், சோறு இறங்குதே எண்டு இருந்திடாதீங்கோ. மெலியவும் விடக்கூடாது. மச்சானுக்குக் காசு செலவழிக்க மனமிருந்தால் அந்த மெஷினுக்குப் போடச் சொல்லுங்கோ.